பேயை விண்வெளிக்கு அனுப்புவது எப்படி: குறைந்த செலவில் இரண்டாம் பாகம் எடுப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பேய்க்குக் கால் தரையில் பாவாது. இருட்டில் யாராவது எதிரே வந்தால் முகத்தைப் பார்க்காதே, காலைப் பார் என்றுதான் தோட்டத்துப் பாட்டிகள் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது ஒரு விண்கலத்துக்குள் ஆறு பேர் மிதக்கிறார்கள். ஆறு பேருக்கும் கால் தரையில் பாவவில்லை. இதில் பேய் யார்?

கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இந்தக் கேள்வியைத் தாளில் எழுதிய இரவில்தான் எங்கள் இரண்டாம் பாகம் பிறந்தது. அதற்கு முந்தைய மூன்று மாதமும் ராக்கெட், லேசர், விண்கல் மழை என்று எழுதி எழுதிக் கிழித்தோம். எதற்கும் காசு இல்லை. இந்தக் கேள்விக்குக் காசே தேவைப்படவில்லை. முதல் பாகத்தை ஒரு பழைய ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பில், அதாவது லயத்தில், எடுத்து முடித்துவிட்டு, அடுத்தது என்ன என்று விழித்துக்கொண்டிருக்கும் குழுவினருக்காக இதை எழுதுகிறேன்.

விண்வெளிக்கு ஓடுவது நாம் கண்டுபிடித்த வித்தை இல்லை. மேலைநாட்டுத் தொடர் திகில் படங்களில் கதை வற்றும்போது இது நடக்கும். 'கிரிட்டர்ஸ்' 1992இல் தன் நான்காம் பாகத்தில் மேலே போனது. 'ஹெல்ரெய்சர்' 1996இல் போனது, அதுவும் நான்காம் பாகம். 'ஃப்ரைடே த 13த்' தொடரின் முகமூடிக் கொலைகாரன் ஜேசன் கொஞ்சம் பொறுமைசாலி, 2001இல் பத்தாம் பாகம் வரை காத்திருந்தான். பேயைத் திரும்பத் திரும்ப வரவழைக்கும் கலையில் நம் வட்டாரமும் சளைத்ததில்லை. 1957இல் மலாய்ப் பெண்பேயின் கதையான 'பொந்தியானாக்' படத்தை எடுத்த பி.என். ராவ் இந்தியாவிலிருந்து வந்தவர். அதே ஆண்டில் இரண்டாம் பாகத்தையும் 1958இல் மூன்றாம் பாகத்தையும் கொண்டுவந்துவிட்டார். மூன்றுமே தரையில் நடந்தவைதான்.

முதல் படி: பேய் ஏன் மேலே போகிறது?

மனிதன் விண்வெளிக்குப் போக நூறு காரணம் உண்டு. பேய்க்கு ஒரே ஒரு காரணம் வேண்டும், அதுவும் முதல் பாகத்துக்குள்ளிருந்தே வர வேண்டும். புதிதாக ஒரு சாபத்தைக் கண்டுபிடித்தால் பார்வையாளர் மன்னிக்க மாட்டார்.

எங்கள் முதல் பாகத்தின் முடிவில் பூசாரி, பேயின் முடிக்கற்றை ஒன்றைப் புளியமரத்தில் வைத்து ஆணி அடித்துவிடுவார். பேய் மரத்தோடு கட்டுண்டுவிடும். இரண்டாம் பாகத்தில் தோட்டம் விற்றுப்போகிறது. மரம் சாய்கிறது. ஆணி பழைய இரும்போடு போய் உருகி, கடைசியில் ஒரு விண்கலத்தின் கதவுத் தாழ்ப்பாளாகிறது. லயத்து மக்கள் அடுக்குமாடிக்குக் குடிபோனார்கள். பேயான அவளுக்கு மட்டும் யாரும் வீட்டுக்கு மனுப் போட்டுக் கொடுக்கவில்லை. இந்த ஒரு வரியைச் சொன்னதும் குழுவில் பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் பேசாமல் இருந்தார்கள். இரண்டும் சேர்ந்து வந்தால் கதை பிடித்துக்கொண்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். (விண்கலங்களில் அலுமினியக் கலவைதான் அதிகம், இரும்பு குறைவு. ஒரே ஒரு தாழ்ப்பாளோடு நிறுத்திக்கொண்டதற்கு அதுவே காரணம்.)

முன்கதையை ஒன்றரை நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள். நாங்கள் விண்கலத்தின் கணினியைச் சொல்ல வைத்தோம். வானொலிச் செய்தி வாசிப்பதுபோல் அப்பழுக்கற்ற செந்தமிழில் பேசும் கணினி அது. 'வணக்கம். கப்பலில் அறுவர் உள்ளனர். எழுவர் மூச்சு விடுகின்றனர்.' படத்தின் மிகப் பெரிய சிரிப்பு இந்த இரண்டு வாக்கியத்துக்குத்தான் கிடைத்தது.

இரண்டாம் படி: பேயின் சட்டத்தையும் விண்வெளியின் சட்டத்தையும் எதிரெதிரே எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். ஒரு தாளை நடுவில் மடியுங்கள். இடப்பக்கம், பேயைப் பற்றி உங்கள் வீட்டில் சொல்லப்பட்டவை. வலப்பக்கம், மேலே அவை என்ன ஆகும் என்பது. இரண்டும் உரசும் இடமெல்லாம் உங்களுக்குக் காட்சி.

நள்ளிரவை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு மணிக்குப் பேய் வரும். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கலம் சுமார் 90 நிமிடத்தில் பூமியை ஒருமுறை வலம் வந்துவிடும். ஒரு நாளில் 16 முறை பொழுது அடையும், 16 முறை விடியும். அப்படியென்றால் அவளுக்கு ஒரு நாளில் 16 நள்ளிரவு. ஒவ்வொன்றுக்கும் எழுந்து வந்து பயமுறுத்த வேண்டும். மூன்றாம் நாளே அவள் கண்ணடியில் கருவளையம். கப்பல் ஆட்கள் பரிதாபப்பட்டுக் காப்பி கலக்கிக் கொடுக்கிறார்கள். எங்கள் படத்தின் நடுப்பகுதி முழுவதும் இந்தக் கணக்கிலிருந்துதான் வந்தது.

அடுத்து நெருப்பும் புகையும். பூமியில் சூடான காற்று இலேசாகி மேலே ஏறுவதால் சுடர் நிமிர்ந்து எரிகிறது, சாம்பிராணிப் புகை எழும்புகிறது. மிதக்கும் கலத்தில் மேல், கீழ் என்ற பேச்சே இல்லை. சுடர் நீலம் பாய்ந்த ஓர் உருண்டையாகும், புகை எழும்பாமல் கொளுத்திய இடத்திலேயே சுற்றும். பூசாரி சூடம் ஏற்றினால் பேய்க்கு முன்னால் தீயெச்சரிக்கை மணிதான் அலறும். விபூதியை அள்ளி வீசினால் கீழே விழாது, வீசியவரின் மூக்குக்கும் காற்று வடிகட்டிக்கும் போய்ச் சேரும். எலுமிச்சையை அறுத்தால் சாறு உருண்டு திரண்டு முகம் முகமாகத் தேடிப் போகும்.

கண்ணீரும் வழியாது. விழியிலேயே பசைபோல் ஒட்டித் திரளும். அழும் பேய்க்கு இது பெரிய சங்கடம். அழ அழக் கண் மறைத்துக்கொண்டு வழி தெரியாமல் முட்டிக்கொள்கிறாள். எழுதும்போது நகைச்சுவையாகத்தான் எழுதினோம். படம்பிடித்த அன்று யாரும் சிரிக்கவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டோம்.

ஓர் அறிவியல் எச்சரிக்கை. மேலே ஈர்ப்பு விசையே கிடையாது என்று வசனம் எழுதிவிடாதீர்கள். அந்த உயரத்தில் தரையில் இருப்பதில் ஏறத்தாழ 90 விழுக்காடு ஈர்ப்பு இருக்கிறது. கலமும் உள்ளே இருப்பவர்களும் பூமியைச் சுற்றியபடி ஒன்றாக விழுந்துகொண்டே இருப்பதால்தான் மிதக்கிறார்கள். இதைக்கூடக் கதைக்குள் கொண்டுவரலாம். 'நாமெல்லாம் விழுந்துகொண்டுதான் இருக்கிறோம் தம்பி, அவள் மட்டும்தான் உண்மையில் மிதக்கிறாள்' என்று எங்கள் பூசாரி சொல்வார்.

திசை? பேயோட்டுகிறவர் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவார்? இதை வெறும் வேடிக்கை என்று நினைக்காதீர்கள். 2007 அக்டோபர் 10 அன்று மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் ஷேக் முஸ்ஸபார் சோயுஸ் கலத்தில் ஏறி அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குப் போனபோது, அங்கே தொழுகையை எப்படி நிறைவேற்றுவது, எந்தப் பக்கம் நோக்குவது என்பதற்கு நம் நாட்டில் ஒரு வழிகாட்டியே எழுதினார்கள். அந்தப் பயணத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்தபோது இறுதி நால்வரில் வனஜா என்ற தமிழ்ப் பெண்ணும் ஒருவர். எங்கள் கப்பல் தலைவி ஒரு தமிழ்ப் பெண்ணாக இருப்பதற்கு அவரே தூண்டுதல். நம்பிக்கையைக் கிண்டல் செய்யாதீர்கள், நம்பிக்கையோடு மேலே போன மனிதர் படும் பாட்டைக் காட்டுங்கள். எங்கள் பூசாரி கடைசியில் பூமி தெரியும் சன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறார். ஊர் அந்தப் பக்கம்தானே இருக்கிறது.

மூன்றாம் படி: மூன்று அறை, ஆறு பேர்

நடைபாதை, கட்டுப்பாட்டு அறை, சரக்கறை. இவ்வளவு போதும். நடைபாதையை எட்டடி நீளத்துக்குக் கட்டி, விளக்கின் நிறத்தை மாற்றிக் கப்பல் முழுக்க ஓட வையுங்கள். வெளிப்புறக் காட்சி ஐந்தைத் தாண்ட வேண்டாம்.

முதல் பாகத்தின் பழக்கம் ஒன்றை மேலே கொண்டுபோங்கள். தோட்டத்தில் காலையில் பெரட்டு எடுப்பார்கள் அல்லவா, ஆட்களை நிறுத்தித் தலை எண்ணுவது? எங்கள் கப்பலிலும் பெரட்டு உண்டு. எண்ணினால் ஒவ்வொரு முறையும் ஒருவர் கூடுதல். இதற்குச் செலவு ஒரு வெள்ளைச் சேலை.

நான்காம் படி: கப்பலைக் கட்டுவது

கோலாலம்பூரின் புடுவில் ஜாலான் பசார் பக்கம் மின்னணுப் பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பொத்தான்கள், குமிழ்கள், சின்னச் சின்ன விளக்குகள் அங்கே கிடைக்கும். ஆனால் அங்கே போவதற்கு முன் பழைய இரும்புக் கடைக்குப் போங்கள். செத்த கணினிகளின் விசைப்பலகைகள், அச்சு இயந்திரங்களின் உள்ளுறுப்புகள், கார் உடைக்கும் பட்டறையின் முகப்புப் பலகைகள் எல்லாம் எடைக்கு வரும். சுவருக்கு முட்டை அட்டை. சாம்பல் நிறச் சாயம் இரண்டு பூச்சு பூசினால் அது முட்டை அட்டை என்று தெரியாது. தெரிந்தாலும் குடி முழுகிப்போகாது. 1974இல் வந்த 'டார்க் ஸ்டார்' படத்தில் வேற்றுக்கோள் உயிரினமாக வருவது கடற்கரையில் விளையாடும் காற்றடைத்த பந்து. பார்க்கிற எல்லோருக்கும் அது பந்து என்று தெரியும். கப்பலில் இருப்பவன் அதை உயிர்ப்பிராணியாகவே நடத்துகிறான், நாம் சிரிக்கிறோம். ஜான் கார்பென்டரின் முதல் முழுநீளப் படம் அது.

வெளியிலிருந்து தெரியும் விண்கலம் எங்கள் வீட்டு டிபன் கேரியர். நான்கு அடுக்கு, பக்கவாட்டில் கம்பி, மேலே கைப்பிடி. குறுக்காகக் கிடத்திப் பார்த்தபோது விண்வெளி நிலையத்தை வடிவமைத்தவர்களே நம் சமையற்கட்டுக்கு வந்து போயிருப்பார்களோ என்று தோன்றியது. கறுப்புத் துணியில் ஊசியால் குத்தி, பின்னால் விளக்கு வைத்தால் விண்மீன்கள். பொம்மையை வினாடிக்கு 50 சட்டங்களில் (ஃப்ரேம்) பிடித்து 25இல் ஓட்டுங்கள், எடை கூடியதுபோல் தெரியும்.

உயிர்வளிச் சிலிண்டருக்கு, தோட்டத்தில் முதுகில் மாட்டி மருந்தடிக்கும் தெளிப்பான். முதல் பாகத்தில் அதைச் சுமந்தவரின் பேரன் இரண்டாம் பாகத்தில் அதையே சுமக்கிறான். புதிதாக வாங்குங்கள். மருந்து அடித்த பழைய டப்பாவைக் கழுவிவிட்டேன் என்று யார் சொன்னாலும் நடிகர் முதுகில் ஏற்றாதீர்கள். தலைக்கவசத்தின் முன்கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். கேமரா அதில் பிரதிபலிக்காது, நடிகருக்கும் மூச்சு முட்டாது.

ஐந்தாம் படி: மிதக்க வைப்பது

கயிற்றில் தொங்கவிடும் ஆசையை ஒத்திவையுங்கள். முறையான கவசப்பட்டையும் அதில் பழகிய ஆளும் இல்லாமல் யாரையும் தரையிலிருந்து தூக்காதீர்கள். முக்கால்வாசிக் காட்சிகளில் இடுப்புக்கு மேல்தான் தெரியும். சாய்மானம் இல்லாத, சக்கரம் வைத்த நாற்காலியில் நடிகரை உட்கார வைத்து ஒருவர் மெல்ல இழுத்தால் போதும். நடிகர் ஒரு பக்கம் சாயும்போது கேமரா மறு பக்கம் சாய வேண்டும். இதை அரை மணி நேரம் பயிற்சி செய்தால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

பேயின் கூந்தலுக்கு ஒரு வித்தை இருக்கிறது, எனக்கு இந்தப் படத்திலேயே அதுதான் மிகவும் பிடித்தது. நடிகையை ஒரு பெஞ்சில் மல்லாக்கப் படுக்க வைத்துத் தலையை விளிம்புக்கு வெளியே தொங்கவிடுங்கள். முடி தரையை நோக்கித் தொங்கும். கேமராவைத் தலைகீழாகத் திருப்பிப் பிடியுங்கள். திரையில் முடி முழுவதும் மேல்நோக்கி நிற்கும், மெல்ல அலையும். பின்னால் இருக்கும் சுவர்ப்பலகையையும் தலைகீழாக மாட்ட மறக்காதீர்கள். நாங்கள் மறந்தோம். 'அவசர வழி' என்ற எழுத்து கவிழ்ந்து கிடந்ததைப் படத்தொகுப்பில்தான் பார்த்தோம். கணினியை விட்டு, 'கப்பல் கவிழ்ந்துள்ளது' என்று ஒரு வரி பேச வைத்துச் சமாளித்தோம். ஒரே மூச்சில் நாற்பது வினாடிக்கு மேல் தலையைத் தொங்கவிடாதீர்கள், இரத்தம் தலைக்கேறி முகம் சிவந்துவிடும். நடுவே நடிகையின் அம்மா வந்து, 'பிள்ளை காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, பேய்க்குப் பசிக்காதா?' என்று நாசி லெமாக் பொட்டலத்தை நீட்டினார். அந்த வசனமும் படத்தில் இருக்கிறது.

மிதக்கும் இரத்தத் துளிகளுக்கு ஜவ்வரிசி. பெரிய மணியாகப் பார்த்து வாங்கி, நடுவில் வெள்ளைப் புள்ளி மறையும்வரை வேகவைத்து, குளிர்ந்த நீரில் அலசி, கடையில் கிடைக்கும் சிவப்புச் சிராப்பில் ஊறப்போடுங்கள். அரை மணி நேரத்தில் மாதுளை முத்துப்போல் பளபளக்கும். மெல்லிய தூண்டில் நரம்பில் கோத்து இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்து ஆட்டினால் இரத்தம் காற்றில் தவழும். ஒரு மணி நேரத்துக்குள் எடுத்து முடியுங்கள், இல்லாவிட்டால் எறும்பு வந்துவிடும். கண்ணில் திரளும் கண்ணீருக்குத் தலைக்குத் தடவும் தெளிவான ஜெல், கீழிமைக்கு வெளியே கன்னத்தில் மட்டும். மலிவான நிறக் கண்வில்லைகள் வேண்டாம். கண்ணைச் சுற்றி மை அப்பினாலே பேய்தான்.

ஆறாம் படி: வெளிச்சமும் கேமராவும்

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வினாடிக்கு 25 சட்டங்கள், கேமராவின் மூடித்திறப்பு (ஷட்டர்) வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்தால் விளக்குகள் துடிப்பது குறையும். மலிவான எல்.இ.டி. பட்டைகளை மங்கலாக்கினால் கோடு கோடாகத் துடிக்கும். முழு வெளிச்சத்தில் எரியவிட்டு மேலே வெண்தாளை ஒட்டுங்கள். வெளிப்புறக் காட்சிக்கு ஒரே ஒரு கூர்மையான விளக்கு, அதுதான் சூரியன். எதிர்ப்பக்கம் கும்மிருட்டாகவே இருக்கட்டும். அங்கே ஒளியைச் சிதறடிக்கக் காற்று கிடையாது. இருட்டுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பது கூடுதல் இலாபம்.

புகை இயந்திரம் வாடகைக்கு எடுப்பவர்கள் கட்டடத்தின் தீயெச்சரிக்கைக் கருவி எங்கே என்று முதலில் பார்த்துவையுங்கள். நாங்கள் பார்க்கவில்லை. இரவு பதினொன்றரைக்குக் கீழ்மாடிக்காரர்கள் தலையணையோடு தெருவில் நின்றார்கள்.

ஏழாம் படி: ஒலி

கோலாலம்பூரில் மாலை நான்கு மணிக்கு மழை வந்துவிடும். தகரக் கூரை என்றால் அன்றைய வசனம் அவ்வளவுதான். வசனக் காட்சிகளை மதியத்துக்குள் முடித்துவிட்டு, மழை நேரத்தை ஒலி தேவைப்படாத மிதப்புக் காட்சிகளுக்கு ஒதுக்கினோம். கப்பலின் இரைச்சலுக்குப் பழைய குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தில் ஒலிவாங்கியை வைத்துப் பதிந்து, வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

வெற்றிடத்தில் ஒலி பயணிக்காது. கப்பலுக்கு வெளியே பேய் வாய் கிழியக் கத்தட்டும், ஒன்றும் கேட்கக் கூடாது. தலைக்கவசத்துக்குள் இருப்பவரின் மூச்சு மட்டும் கேட்கட்டும். பின்னணி இசைக்கு ஆசைப்படும் நண்பரை அந்த இரண்டு நிமிடம் அறைக்கு வெளியே உட்கார வையுங்கள். அவள் காலில் கொலுசு இருக்கிறது. உள்ளே வரும்போதெல்லாம் கேட்கும் கொலுசு, கதவைத் தாண்டி வெளியே போனதும் அறுந்ததுபோல் நிற்க வேண்டும்.

எட்டாம் படி: நடிப்பு

யாரும் சிரிப்பூட்ட முயலக் கூடாது. அவ்வளவுதான். பேய் உண்மையாகவே கோபப்பட வேண்டும், பூசாரி உண்மையாகவே அஞ்ச வேண்டும். கண்ணைச் சுருக்கி, 'பார், நான் வேடிக்கை காட்டுகிறேன்' என்று ஒருவர் நடித்தாலும் முட்டை அட்டை முட்டை அட்டையாகிவிடும். அகலக் காட்சியில் நடிகர்களை ஒன்றாக வைத்து நீளமாக ஓடவிடுங்கள். பின்னால் வருவதைப் பார்வையாளர், முன்னால் நிற்கும் நடிகரைவிட அரை வினாடி முன்னதாகப் பார்க்கட்டும்.

ஒன்பதாம் படி: தாள்கள்

இதை எல்லாவற்றுக்கும் முதலில் செய்ய வேண்டும். சலிப்பூட்டும் என்பதால் இங்கே தள்ளி வைத்தேன். பினாஸ் எனப்படும் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம் 1981 முதல் இருக்கிறது. தயாரிப்பு உரிமம், படப்பிடிப்புச் சான்றிதழ் பற்றி அங்கே விசாரியுங்கள். தெருவிலோ பூங்காவிலோ படம்பிடிக்க மாநகராட்சியின் அனுமதி தனி. திரையரங்குக்குப் போகும் படம் 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின்படி வாரியத்தின் பார்வைக்குப் போக வேண்டும். இரத்தமும் சமயச் சடங்கும் வரும் காட்சிகளுக்கு மாற்றுத் தொகுப்பு ஒன்றை முன்கூட்டியே வைத்திருங்கள். ஜவ்வரிசிக் காட்சியை இரண்டு நீளத்தில் வெட்டி வைத்தோம்.

செலவு கேட்பவர்களுக்கு: 18,000 ரிங்கிட் ஆனது. அதில் அதிகம் போனது சாப்பாட்டுக்கு, அடுத்தது வாடகைக்கு. விண்வெளிக்குப் போனது இரண்டாயிரத்துக்கும் குறைவு. சாப்பாட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். பசித்த குழு நள்ளிரவு இரண்டு மணிக்குக் கேமரா சாய்வதையெல்லாம் கவனிக்காது.

பத்தாம் படி: முதல் பார்வையாளர்கள்

படத்தொகுப்பு முடிந்ததும் சினிமா நண்பர்களுக்குப் போடாதீர்கள், அவர்கள் லென்ஸைப் பற்றிப் பேசுவார்கள். நாங்கள் அடுக்குமாடியின் பொது அறையில் வெள்ளைத் துணி கட்டி, தோட்டத்திலிருந்து குடிவந்த பெரியவர்களைக் கூப்பிட்டோம். நான் திரையைப் பார்க்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்து அவர்கள் முகத்தைப் பார்த்தேன். எங்கே சிரிக்கிறார்கள், எங்கே தேநீரைத் தேடுகிறார்கள் என்று நிமிடத்தோடு குறித்தேன். தேநீர் தேடிய இரண்டு இடத்தையும் மறுநாளே வெட்டினோம்.

எழுபது தாண்டிய பாட்டி ஒருவர் முன்வரிசையில் முறுக்குக் கடித்துக்கொண்டே இருந்தார். புளியமரத்துக்குச் சிரித்தார். பதினாறு நள்ளிரவுக்கும் சிரித்தார். பேய் கப்பலுக்கு வெளியே போய், கொலுசு நின்று, சன்னலுக்குச் சன்னல் நகரும் காட்சியில் மட்டும் முறுக்கு கையிலேயே நின்றுவிட்டது. முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, 'ஏம்பா, கொலுசுச் சத்தம் இல்லாவிட்டால் அவள் எங்கே வருகிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?' என்று கோபமாகவே கேட்டார். அன்றிரவு அந்தக் காட்சியை நான்கு வினாடி நீட்டினோம்.